தோலும் தோளும்: மூன்று கனத்த லெதர் ஜாக்கெட்டுகளின் ஒப்பீடு

சென்ற அக்டோபர் தொடங்கிப் பிப்ரவரி முடியும்வரை, லீட்ஸ் நகரிலிருந்து ஸ்கிப்டன் செல்லும் ஏ65 சாலையில், ஒரே ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் வண்டியில், மூன்று வகைத் தோலால் தைக்கப்பட்ட மூன்று கனத்த ஜாக்கெட்டுகளை மாற்றி மாற்றி அணிந்து ஓட்டிப் பார்த்தேன். முதலாவது, நியூயார்க்கில் 1913இல் தொடங்கப்பட்ட ஷாட் நிறுவனத்தின் பெர்ஃபெக்டோ 618. எருதுத் தோலால் ஆனது. உடன் பணிபுரியும் நண்பர் தந்து உதவியது. இரண்டாவது, பழைய அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட்டை ஒட்டித் தைக்கப்பட்ட வெள்ளாட்டுத்தோல் ஜாக்கெட், என் மைத்துனருடையது. மூன்றாவது, ஸ்காட்லாந்தின் காலாஷீல்ஸ் ஊரிலுள்ள ஏரோ லெதர் நிறுவனத்தில் என் அளவுக்கே சொல்லிச் செய்துகொண்ட குதிரைத்தோல் ஹைவேமேன். இவை எவையும் மலிவானவை அல்ல. ஒருமுறை தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு மாதச் சேமிப்பு வீணாகிவிடும். எனக்கு அப்படி ஒருமுறை ஆயிற்று என்பதால்தான் இவ்வளவு பொறுமையாக ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது.

அந்தத் தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையக் கடையில், ‘முழுக் கனத் தோல், 1.4 மி.மீ. தடிமன்’ என்ற விளம்பரத்தை நம்பி ஒரு கறுப்பு ஜாக்கெட் வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது கனம் இருந்தது, பளபளப்பும் இருந்தது. ஆனால் மார்பு, முதுகு, கை, காலர் என எல்லாத் துண்டுகளிலும் ஒரே மாதிரியான புள்ளி வரிசை, அச்சிட்டதுபோல் ஓடியது. ஆம்பூரில் முப்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தரம் பிரிக்கும் வேலை பார்த்த என் தாய்மாமாவிடம் காணொளி அழைப்பில் காட்டினேன். முழங்கைப் பகுதியை உள்பக்கமாக மடித்துப் பிடிக்கச் சொன்னார். பிறகு கட்டைவிரலால் மேற்பரப்பை அழுத்தித் தள்ளச் சொன்னார். மேற்பூச்சு தனியாக, அடியிலிருக்கும் நார் தனியாக, இரண்டும் ஒட்டாமல் பெரிய பெரிய மடிப்புகளாக எழுந்தன. “மாப்ளே, நீ வாங்குனது தோலு இல்ல, தோலு மேல அடிச்ச பெயின்ட்டு” என்றார். கொம்புக் கீறலும் உண்ணிக்கடித் தழும்பும் நிறைந்த மூன்றாந்தரத் தோலின் மேற்பரப்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, கெட்டியான நிறப்பூச்சு பூசி, அதன்மேல் தோலின் மேற்பரப்பில் இயல்பாகத் தெரியும் புள்ளிகளைப்போல், அதாவது மணிகளைப்போல், செயற்கையாக அழுத்திப் பதித்த தோல் அது. இயற்கையான தோலில் கழுத்துப்புறம் ஒரு விதமாகவும் வயிற்றுப்புறம் வேறு விதமாகவும் மணிகள் மாறுபடும். எங்கும் ஒன்றுபோல் இருந்தால் அது எந்திரம் பதித்த அச்சு என்று தெரிந்துகொள்ளலாம்.

அன்று மாமா சொல்லிக்கொடுத்த அந்த மடிப்புச் சோதனையே இந்த ஒப்பீடு முழுவதற்கும் எனக்கு அளவுகோலாக இருந்தது. தோலின் மயிர் இருந்த பக்கம் உட்புறம் வருமாறு மெல்ல வளைத்தால், நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும் தோலில் ரேகை ரேகையாக நுண்ணிய சுருக்கங்கள் விழும். தொளதொளத்த தோலில் குழாய்போல் உருண்டு எழும். ஜாக்கெட்டின் முன்பக்கத் துண்டிலும் மேல்கையிலும் ஒருமுறை, அக்குளுக்குக் கீழே ஒருமுறை என இதைச் செய்து பார்க்கவேண்டும். நல்ல தையலகங்கள் முதுகெலும்பை ஒட்டிய இறுக்கமான பகுதியை முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் வைத்துக்கொண்டு, இழுபடும் வயிற்றுப் பகுதியை வெளியே தெரியாத உள்மடிப்புகளுக்கு ஒதுக்கும். சிக்கனம் பார்ப்பவர்கள் வயிற்றுத் தோலையே கைகளுக்கும் வைத்துவிடுவார்கள். அத்தகைய ஜாக்கெட்டின் முழங்கை ஒரே குளிர்காலத்தில் பை போலத் தொங்கிவிடும்.

தடிமன் எண்ணைப் பற்றியும் ஒரு பொதுவான தவறான எண்ணம் இருக்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் தோலின் தடிமனை அவுன்சில் சொல்கின்றன; ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. மூன்று அவுன்ஸ் என்றால் 1.2 மி.மீ. நாகரிகக் கடைகளில் தொங்கும் மெல்லிய ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தோலால் ஆனவை. கனத்த ஜாக்கெட் என்று நாம் சொல்வது 1.2 முதல் 1.5 மி.மீ. வரையிலான தோலைத்தான். ஆனால் 1.2 என்ற எண் எந்த விலங்கின் தோலிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே அதன் வலிமை அமைகிறது. மாட்டுத்தோல் இயல்பிலேயே பல மில்லிமீட்டர் தடிமனானது. அதைப் பிளந்து, சீவி, ஜாக்கெட் அளவுக்குக் கொண்டுவரும்போது, வலிமையான நார்ப்பின்னல் இருக்கும் அடிப்பகுதியின் பெரும்பங்கு வெட்டுப்பட்டுப் போகிறது. ஆட்டுத்தோலோ இயல்பிலேயே அந்தத் தடிமனை ஒட்டியிருப்பதால், அதிகம் சீவப்படாமல் தன் பின்னலை முழுமையாக வைத்துக்கொள்கிறது. ஆகவே, ஒரே தடிமன் குறிக்கப்பட்ட மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் பக்கத்தில் வைத்து, ‘ஆடுதானே, மென்மையாக இருக்கும், கிழிந்துவிடும்’ என்று ஒதுக்குவது சரியல்ல. கிழிந்துவிடும் என்று அஞ்சவேண்டியது செம்மறித் தோலுக்குத்தான். அதன் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையே கொழுப்பு மிகுந்திருப்பதால், அந்தக் கொழுப்பு நீங்கியபின் இரண்டு அடுக்குகளும் தளர்ந்துவிடுகின்றன.

இனி ஜாக்கெட்டுகளுக்கு வருகிறேன்.

எருதுத் தோல் என்பது இறைச்சிக்காக வளர்க்கப்படும் காயடித்த காளையின் தோல். நம் ஊர்ப் பசுக்களின் தோல் உருவில் சிறியது, மெல்லியது; பழைய சென்னை ஏற்றுமதியில் ‘கிப்ஸ்’ என்று தனிப்பெயரே அதற்கு இருந்தது. பெரிய உடல் கொண்ட அமெரிக்க எருதின் ஒரு தோலில், இணைப்புத் தையல் இல்லாமல் ஜாக்கெட்டின் முதுகு முழுவதையும் ஒரே துண்டாக வெட்டிவிட முடிகிறது. பெர்ஃபெக்டோவைத் தோளில் போட்டதும் முதலில் தெரிவது அதன் விறைப்பு. நண்பர் நான்கு ஆண்டுகள் அணிந்திருந்தும், முழங்கை தவிர மற்ற இடங்களில் அது இன்னும் தன் வடிவத்திலேயே நின்றது. மேற்பரப்பில் மணிகள் பெரிதாகத் தெரிகின்றன. தூறலில் நீர் உருண்டு விழுகிறது. சாய்வாக ஓடும் அதன் ஜிப் வெறும் அழகுக்காக வைக்கப்பட்டதில்லை என்பது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் விளங்குகிறது. ஒரு பக்கத் துண்டு மார்பைத் தாண்டி மறுபக்கம் வரை மூடுவதால், நடு மார்பில் காற்று புகும் இடைவெளியே இல்லை. முன்னால் குனியும்போது ஜிப் வயிற்றில் மடிந்து குத்துவதும் இல்லை. இர்விங் ஷாட் 1928இல் இந்த அமைப்பை முதலில் செய்து, தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கு வைத்தார். அன்று அதன் விலை ஐந்தரை டாலர். நூறு ஆண்டுகளை நெருங்கும் ஒரு வடிவமைப்பில் இன்றும் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது.

ஆட்டுத்தோல் ஜாக்கெட்டைப் பற்றி எனக்கிருந்த எண்ணம் முதல் வாரத்திலேயே மாறிவிட்டது. அதன் மணிகள் சிறியவை, தெளிவானவை; நெல்மணிகளைப் பரப்பியதுபோல் ஒரு சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படும். எடை எருதுத் தோல் ஜாக்கெட்டைவிட ஏறத்தாழ முக்கால் கிலோ குறைவு. பழக்கப்படுத்தவே தேவையில்லை, முதல் நாளே கை மடங்கிற்று, காலர் படிந்தது. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை தெரிந்தது, ஏனெனில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் பல தலைமுறைகள் கைபழகிய தோல் இதுதான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோல் மதராஸ் துறைமுகத்திலிருந்து இலண்டனுக்குப் போன காலமும் உண்டு. மைத்துனரின் ஜாக்கெட் குரோம் பதனீடு, அதாவது பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் பதனிட்டது. பட்டைப் பதனீட்டுத் தோலைப்போல் ஈரத்தில் விறைத்துக் காயும் தொல்லை அதில் இல்லை. இதன் குறை குளிரில் தெரிகிறது. ஜனவரியில் வெப்பநிலை இரண்டு டிகிரிக்கு இறங்கியபோது, உள்ளே கெட்டியான கம்பளிச் சட்டை இல்லாமல் ஓட்டமுடியவில்லை. காற்று உள்ளே புகாவிட்டாலும், தோலே சில்லிட்டு உடலோடு ஒட்டிக்கொண்டது.

குதிரைத்தோல் எனக்கு முற்றிலும் புதியது. மாமாவும் தம் வேலைக்காலம் முழுவதிலும் அதைத் தொட்டதில்லை என்றார். குதிரையின் பின்புறத் தோலின் உள்ளே ‘ஷெல்’ எனப்படும் மிக அடர்த்தியான அடுக்கு ஒன்று இருக்கிறது. அது காலணிக்குப் போகிறது. ஜாக்கெட்டுக்கு வருவது கழுத்தும் தோளும் விலாவும் அடங்கிய முன்பகுதி. 1931இல் அமெரிக்க இராணுவ விமானப் படை ஏற்றுக்கொண்ட ஏ-2 ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் குதிரைத்தோலில் வந்ததற்குக் காரணம் அதன் உறுதி மட்டும் அன்று. வண்டியிலும் வயலிலும் குதிரைகள் நிறைந்திருந்த காலம் என்பதால் தோல் தாராளமாகக் கிடைத்தது. இன்று குதிரை இறைச்சி உண்ணும் நாடுகளிலிருந்தே பெரும்பாலும் அது வருகிறது, ஆகவே விலையும் ஏறிவிட்டது.

நான் தேர்ந்தெடுத்தது சிகாகோவில் 1905 முதல் இயங்கிவரும் ஹோர்வீன் பதனிடும் ஆலையின் குரோமெக்செல் என்ற தோல். முதலில் குரோமிலும் பிறகு தாவரப்பட்டைச் சாற்றிலும் பதனிட்டு, எண்ணெயையும் மெழுகையும் சூடாக உள்ளே ஏற்றுகிறார்கள். ஜாக்கெட் தைக்கச் சொல்லும் முன் ஓர் உள்ளங்கை அளவுத் துண்டை வரவழைத்து, ஊருக்குச் சென்ற உறவினர் ஒருவரிடம் மாமாவுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் அதை மடித்ததும் மடிந்த கோட்டில் நிறம் வெளுத்ததாம், விரலால் தேய்த்ததும் எண்ணெய் மீண்டும் பரவி நிறம் திரும்பியதாம். முகர்ந்து பார்த்துவிட்டு, “மெழுகு வாசனை நல்லா வருது, உள்ள வரைக்கும் ஏறியிருக்கு” என்றார். துண்டின் ஓரத்தில் இருந்த நீண்ட சுருக்கக் கோடுகளைப் பார்த்து அது கழுத்துப் பகுதி என்றும் கண்டுபிடித்துவிட்டார். குதிரைத்தோலையே பார்த்திராத ஒருவர், கைத் தடவலிலேயே விலங்கின் எந்த இடம் என்று சொன்னது என் நினைவை விட்டு அகலாது.

வந்து சேர்ந்த ஜாக்கெட் முதல் மூன்று வாரங்கள் உண்மையிலேயே சிரமம் தந்தது. மேசைமீது நிறுத்தினால் ஆள் இல்லாமலே நின்றது. கைப்பிடியைப் பிடிக்கக் கையை மடக்கும்போதெல்லாம் கிரீச்சிட்டது. அதன்பின் முழங்கையின் உட்புறத்தில் கூர்மையான, கண்ணாடி விரிசல்போன்ற கோடுகள் விழத் தொடங்கின. ஒருமுறை விழுந்த கோடு மறையவில்லை, அடுத்த முறை அதே கோட்டில்தான் மடிகிறது. எருதுத் தோல் பொதுவாகத் தளர்ந்து கொடுக்கிறது, ஆட்டுத்தோல் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறது. குதிரைத்தோல் நம் உடல் மடியும் இடங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்ற இடங்களில் விறைப்பாகவே இருக்கிறது. இந்தக் குணத்தால், பொருத்தம் தவறிய குதிரைத்தோல் ஜாக்கெட் எத்தனை ஆண்டு போனாலும் சரியாகாது. சரியாகப் பொருந்தியதோ வேறு எதுவும் ஈடாகாத அளவுக்கு உடலோடு சேர்ந்துவிடுகிறது.

ஆகவே பொருத்தத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில் தோலைவிடத் தோளே முதலில் பார்க்கவேண்டியது. தோள் தையல் தோள்பட்டை எலும்பு முடியும் இடத்தில் உட்காரவேண்டும். மார்பு இறுக்கம் சிறிது தளரும், முதுகும் முழங்கையும் தளரும். ஆனால் தோள் அகலமும் கையின் நீளமும் தளர்வதே இல்லை. என் மார்பு 40 அங்குலம். 42 என்று குறித்த பெர்ஃபெக்டோவை ஜிப் போட்டுத் தட்டையாகப் பரப்பி ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்தால் 22 அங்குலம், அதாவது சுற்றளவு 44. நான்கு அங்குல இடைவெளி ஒரு நடுத்தரக் கம்பளிச் சட்டைக்குப் போதும். ஆனால் இந்த அளவு வெளிப்புற அளவு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1.5 மி.மீ. தடிமனுள்ள தோல் உடலைச் சுற்றி வளையும்போது, உட்சுற்றளவு வெளிச்சுற்றளவைவிட ஏறத்தாழ 9 மி.மீ. குறைந்துவிடுகிறது, அதற்குள் கம்பளி லைனிங்கும் இருந்தால் இன்னும் குறையும். துணிச் சட்டைக்கு எடுக்கும் அளவையே கனத்த தோலுக்கும் எடுத்தால் இறுக்கமாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். ஹைவேமேனுக்கு நான் ஐந்து அங்குலம் விட்டேன். அது சரியாக இருந்தது.

அடுத்தது, கை உடலோடு இணையும் வளைவு. தையல்காரர்கள் ஆர்ம்ஹோல் என்பார்கள். அது அக்குளுக்கு அருகில் உயரமாக இருந்தால் கையைத் தூக்கும்போது கை மட்டும் எழும். தாழ்வாக இருந்தால் ஜாக்கெட் முழுவதும் சேர்ந்து எழும்பி இடுப்பு வெளியே தெரியும். கடைக் கண்ணாடி முன்னால் கைகளைத் தொங்கவிட்டு நின்று பார்ப்பதில் பயனே இல்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் நீட்டிப் பார்க்கவேண்டும். அப்போது ஜாக்கெட்டின் அடிவிளிம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறக்கூடாது. மணிக்கட்டு எலும்பு மூடியிருக்கவேண்டும். முதுகில் பலகை வைத்துக் கட்டியதுபோல் இழுக்கக்கூடாது. பெர்ஃபெக்டோவில் தோள்களுக்குப் பின்னால் விரியும் மடிப்புகளும், அக்குளின் கீழே இலை வடிவத்தில் ஒட்டுத்துண்டும் இருப்பதால், விறைத்த தோலாக இருந்தும் கை எளிதாக நீண்டது. மைத்துனரின் ஜாக்கெட்டிலும் முதுகு மடிப்புகள் உண்டு. ஆனால் அவர் என்னைவிடத் தோள் அகன்றவர் என்பதால், காற்று வீசும்போது எனக்கு அந்த மடிப்புகள் பாய்மரம்போல் உப்பின. தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிறர் தோளுக்குத் தைத்தது நமக்குச் சேராது என்பதை அந்த நெடுஞ்சாலைக் காற்று ஐந்தே நிமிடத்தில் தெளிவாக்கிவிட்டது.

கையின் நீளத்தை நின்றபடி அளந்து சொல்வது நான் கண்ட இன்னொரு பொறி. முழங்கையில் மடிப்புகள் விழுந்தபின் கை அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம்வரை மேலே ஏறிவிடுகிறது. நான் அளவு கொடுத்தபோது ஓர் அங்குலம் கூட்டிக் கேட்டேன். முதல் வாரம் கட்டைவிரல் அடிவரை வந்து தொல்லையாக இருந்தது, இப்போது மணிக்கட்டில் சரியாக நிற்கிறது. உடலின் நீளமோ இதற்கு நேர்மாறானது. ஓட்டுவதற்கான ஜாக்கெட் பெல்ட் கட்டும் இடத்திலேயே முடியவேண்டும். நீளமாக இருந்தால் உட்காரும்போது தொடை அதை மேலே தள்ளி, காலர் தாடையில் முட்டும். இடுப்பு 38 அங்குலமாக இருக்கும் எனக்கு, மார்புக்குப் பொருந்தும் ஆயத்த ஜாக்கெட்டுகள் வயிற்றில் இறுகுவது வழக்கம்; சொல்லிச் செய்துகொண்டதில் அந்தத் தொல்லை தீர்ந்தது. காத்திருக்கும் மாதங்களுக்கும் கூடுதல் விலைக்கும் இந்த ஒன்றே எனக்கு ஈடாகிவிட்டது.

தையலைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கனத்த தோலில் தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைக்கவேண்டாம். அஞ்சல்தலை ஓரம்போல் துளை வரிசை ஆகி, இழுவையில் அங்கேயே கிழியும். அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் இருந்தாலே போதும். நூல் பாலியெஸ்டரா பருத்தியா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும்.

பாதுகாப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் உடைகளுக்கு இஎன் 17092 என்ற தர அளவு இருக்கிறது. ஏஏஏ, ஏஏ, ஏ என்று உராய்வுத் தாங்குதிறனைத் தரம் பிரிக்கிறது. நான் அணிந்த இந்த மூன்று ஜாக்கெட்டுகளிலும் அந்தச் சான்றுச்சீட்டு இல்லை. முழங்கையிலும் தோளிலும் அடிதாங்கும் பட்டைகளும் இல்லை. கனத்த தோல் சாலையில் உராயும்போது துணியைவிட நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் மோதலின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளாது. ஆகவே நான் உள்ளே தனியாக ஒரு பட்டை வைத்த பனியன் அணிகிறேன். அளவு கொடுக்கும்போதே அதற்கான இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டேன். இதை முன்கூட்டி நினைக்காமல் ஜாக்கெட் வாங்கியவர்கள் பிறகு அந்தப் பனியனைக் கழற்றிவைத்துவிட்டு ஓட்டுவதை நான் பார்க்கிறேன். அது எனக்குக் கவலை தருகிறது.

யாருக்கு எது என்று கேட்டால், வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் ஓட்டுபவர்களுக்கும், ஒரே ஜாக்கெட்டை அலுவலகத்துக்கும் அணிய விரும்புபவர்களுக்கும் ஆட்டுத்தோலைத் தயங்காமல் சொல்வேன். எல்லா நாளும் மழையிலும் குளிரிலும் ஓட்டுபவர், ஆயத்த அளவு பொருந்தும் உடல்வாகு உடையவர் என்றால் எருதுத் தோல் பெர்ஃபெக்டோ போதும். அதற்கு மேல் செலவிடத் தேவையில்லை. குதிரைத்தோலை, தம் அளவைத் தாமே இரண்டுமுறை அளந்து பார்க்கும் பொறுமையும், மூன்று வாரச் சிரமத்தைப் பொறுக்கும் மனமும் உள்ளவர்களுக்கு மட்டுமே சொல்வேன். நான் அதையே வைத்துக்கொண்டேன். நண்பரின் பெர்ஃபெக்டோவை மார்ச் முதல் வாரத்தில் திருப்பிக் கொடுத்தேன். மைத்துனருடையதை ஈரத்துணியால் துடைத்து, அகன்ற மரத் தாங்கியில், பிளாஸ்டிக் உறை இல்லாமல் மாட்டி வைத்திருக்கிறேன். ஹைவேமேனின் வலது முழங்கையில் இப்போது ஏழு கோடுகள் விழுந்திருக்கின்றன, இடதில் ஐந்து. ஆக்சிலரேட்டரைப் பிடிக்கும் கைதான் அதிகம் மடிகிறது.